‘தேய்மானம்’ என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று கோளாறுகள்

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 56. பாலக்கோடு பக்கத்தில் கிராமம். தக்காளியும் சாமந்தியும் வைத்திருக்கிறோம். 43 வயதில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். இரண்டு வருடமாக வலது முழங்காலில் வலி. குந்தி உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. காலையில் கழுத்தும் முதுகும் மரக்கட்டை மாதிரி இருக்கிறது. எக்ஸ்ரேயில் இரண்டாம் கிரேடு தேய்மானம் என்றார்கள். எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேனில் முதுகெலும்பு மைனஸ் 0.6, இடுப்பு மைனஸ் 2.2 என்று வந்திருக்கிறது. எடை 68 கிலோ, உயரம் 152 செ.மீ. ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். எலும்புக்கும் மாத்திரை வேண்டுமா, இல்லாமலே சரிசெய்ய முடியுமா? பத்து நாள் ‘கரண்ட்’ வைக்கச் சொல்கிறார்கள், வைக்கலாமா? நடந்தால் இன்னும் தேயும் என்கிறார்களே, உண்மையா? தினமும் ராகிக் களி சாப்பிடுகிற எனக்கு எப்படிக் கால்சியம் குறையும்?

பதில்: வணக்கம் அம்மா. உங்கள் கடிதத்தில் ‘தேய்மானம்’ என்று நீங்கள் ஒரே சொல்லில் எழுதியிருப்பது ஒரே நோய் அல்ல. முழங்காலில் இருப்பது மூட்டுத் தேய்மானம்: குருத்தெலும்பு நைந்து, மூட்டைச் சுற்றியுள்ள தசை தளர்ந்து, அதனால் வலிக்கிறது. இடுப்பு ஸ்கேனில் தெரிவது எலும்பு மெலிவு: எலும்பின் உள்ளே இருக்கும் சல்லடை அமைப்பு மெலிந்துபோவது. இதில் வலியே இருக்காது, எலும்பு முறியும்வரை ஆளுக்குத் தெரியாது. இரண்டும் ஒரே பெண்ணுக்கு ஒரே வயதில் வருவதால் ஒன்றுக்குச் சொன்ன வைத்தியத்தை இன்னொன்றுக்கும் செய்து ஏமாறுவது சாதாரணமாக நடக்கிறது. முழங்கால் வலிக்குக் கால்சியம் மாத்திரை விழுங்கினால் வலி போகாது. எலும்பு மெலிவுக்குக் கரண்ட் வைத்தால் எலும்பு கெட்டியாகாது.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதை உங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் கேட்கத் தோன்றியது. நீங்கள் இத்தனை வருடம் குடித்த தண்ணீர் எது?

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். கருங்கல் பாறையில் இருக்கும் தாதுக்களிலிருந்து அது தண்ணீரில் கரைகிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே இதற்காகத்தான் ஜப்பான் நிதியுதவியுடன் கட்டப்பட்டு 2013-ல் தொடங்கப்பட்டது. ஆனால் உங்கள் எலும்பில் இருப்பது 2013-க்கு முன்னால் குடித்த போர் தண்ணீரின் கணக்கு. குழாயில் காவிரித் தண்ணீர் வந்தும், வராத நாளில் தோட்டத்துப் போரிலிருந்து பிடித்துக்கொள்ளும் வீடுகள் இன்னும் உண்டு. லிட்டருக்கு 1 மி.கி. வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 மி.கி. வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அளவு. அதற்கு மேல் உள்ள நீரைப் பல வருடம் குடித்தால் புளோரைடு எலும்பிலும் தசைநார்களிலும் படிந்து, கழுத்தும் முதுகும் விறைக்கும். நீங்கள் எழுதிய ‘மரக்கட்டை’ இதுவாக இருக்கலாம். முதுகுத்தண்டுத் தேய்மானமாகவும் இருக்கலாம், பார்த்துத்தான் சொல்ல முடியும்.

வீட்டிலேயே மூன்று அசைவுகளைச் செய்து பாருங்கள். மோவாய் நெஞ்சைத் தொடுகிறதா? கைகளை உயர்த்தி, முழங்கையை மடக்கிப் பின்மண்டையைத் தொட முடிகிறதா? மூன்றாவது, முழங்காலை மடக்காமல் குனிவது. இதை மெதுவாக, முடிகிற அளவுக்கு மட்டும், ஒரே ஒரு தடவை செய்யுங்கள். முதுகில் சுருக்கென்றால் நிறுத்திவிடுங்கள். மூன்றுமே சிரமம் என்றால், கூடப் பிறந்தவர்களின் பல்லிலும் சிறு வயதிலிருந்தே பழுப்புக் கறை இருந்தால், சந்தேகம் வலுக்கும். முன்கை எக்ஸ்ரேயும் சிறுநீரில் புளோரைடு அளவும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தண்ணீரை ஒரு சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் எடுத்துக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் கொடுத்தால் சோதித்துச் சொல்வார்கள்.

கொதிக்க வைத்தால் புளோரைடு போகாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். அதனால்தான் குடிப்பதற்கு மட்டும் கேன் தண்ணீர் வாங்கிவிட்டுச் சமையலுக்குப் போர் தண்ணீர் ஊற்றுவது பாதிக் காரியம். களி எவ்வளவு தண்ணீரை இழுத்துக்கொள்ளும் என்பது கிண்டுகிற உங்களுக்குத் தெரியும். அந்தத் தண்ணீரில் இருந்த புளோரைடு முழுவதும் உருண்டையோடு உள்ளே போகிறது. குடிக்கவும் சமைக்கவும் காவிரித் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ மட்டும், துவைக்க, கழுவ, மாட்டுத் தொட்டிக்கு எல்லாம் போர் தண்ணீர் என்று பிரித்துவிடுங்கள். மாட்டுக்கும் நல்ல தண்ணீர் கிடைத்தால் நல்லதுதான், அதற்கும் இதே நோய் வரும். கறுப்பு உப்பையும் ஒரு நாளில் ஐந்தாறு முறை குடிக்கும் கடுந்தேநீரையும் குறையுங்கள், இரண்டிலும் புளோரைடு உண்டு.

இதைச் சொல்ல இன்னொரு காரணம் உங்கள் ஸ்கேன். முதுகெலும்பு மைனஸ் 0.6, இடுப்பு மைனஸ் 2.2. இவ்வளவு வித்தியாசம் வந்தால் முதுகெலும்பு எண்ணை நம்பக் கூடாது. புளோரைடு படிந்த எலும்பும், தேய்மானத்தில் வளர்ந்த எலும்பு முள்ளும் டெக்ஸாவில் அடர்த்தியாகத் தெரியும். அடர்த்தி இருக்கும், உறுதி இருக்காது. ஆகவே உங்கள் கணக்கு இடுப்பு எண்தான். மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் நடுவே இருந்தால் எலும்பு மெலியத் தொடங்கியிருக்கிறது என்று பொருள். மைனஸ் 2.5-ம் அதற்குக் கீழும்தான் முழு எலும்பு மெலிவு.

மாத்திரை தேவையா என்பதற்கு நேரடியாகப் பதில் சொல்ல எனக்கு ஒரு தகவல் போதவில்லை. கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்தார்களா? பல பெண்களுக்கு இது தெரியாது. பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். எடுத்திருந்தால் எலும்பைக் காக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் 43-லேயே ஒரே நாளில் நின்றிருக்கும். இயல்பாக மாதவிடாய் நிற்கும் பெண்களுக்கே முதல் சில வருடங்களில் ஆண்டுக்கு 1 முதல் 2 சதவீதம் வரை எலும்பு குறையும். உங்களுக்கு அந்த ஓட்டம் பல வருடம் முன்னாடியே தொடங்கியிருக்கும். அப்படியானால், அல்லது சாதாரணமாக விழுந்து மணிக்கட்டோ முதுகெலும்போ முறிந்த வரலாறு இருந்தால், அல்லது உயரம் 4 செ.மீ. குறைந்திருந்தால், உடற்பயிற்சியை மாத்திரைக்கு மாற்றாக வைத்துக்கொள்ளக் கூடாது. இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டும். இவை எதுவும் இல்லையென்றால், மாத்திரை இல்லாமல் ஒன்றிரண்டு வருடம் முயல்வது நியாயம்தான். உங்கள் மருத்துவரிடம் இதே சொற்களில் கேளுங்கள்.

இப்போது முழங்கால். நடந்தால் தேயும் என்பது சைக்கிள் டயரைப் பார்த்துச் சொன்ன கணக்கு. குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் வழியாகச் சாப்பாடு போவதில்லை, அழுத்தி விடும்போதுதான் அது மூட்டு நீரை உறிஞ்சிக்கொள்ளும். உட்கார்ந்தே இருந்தால் அதுவும் இல்லை, தொடைத் தசையும் வற்றும். தொடைத் தசை வற்றினால் நடக்கும் அதிர்வெல்லாம் மூட்டில் இறங்கும். ஆனால் வேறு ஒரு விஷயத்தில் உங்கள் அக்கம்பக்கம் சரிதான்: குந்தி உட்காருவதும், சம்மணத்திலிருந்து எழுவதும், மடக்கிய முழங்காலில் பாரத்தைத் திணிக்கும். அதைக் குறைக்க வேண்டும், நடையை அல்ல.

முதல் இரண்டு வாரம் மூன்றே பயிற்சி, தினமும் ஒரு வேளை.

பாயில் காலை நீட்டிப் படுத்து, வலது முழங்காலுக்குக் கீழே சுருட்டிய துண்டை வையுங்கள். முழங்காலால் துண்டைக் கீழே அழுத்துங்கள், தொடை கல்லாக வேண்டும். ஆறு எண்ணும்வரை பிடித்து விடுங்கள். 10 முறை. மூச்சை அடக்கக் கூடாது, வாய்விட்டு எண்ணினால் மூச்சு தானாக வரும். மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் ஏறும்.

அடுத்து, இடது முழங்காலை மடக்கிப் பாதத்தைத் தரையில் ஊன்றுங்கள். வலது காலை நேராக, பாதத்தை முகத்தை நோக்கி இழுத்தபடி, ஓரடி உயரம் மட்டும் தூக்குங்கள். ஐந்து எண்ணி, மெதுவாக இறக்குங்கள். 10 முறை, ஒரு நிமிடம் ஓய்வு, மறுபடி 10. இங்கே எல்லோரும் செய்யும் தப்பு, காலை வானத்துக்குத் தூக்குவது. மேலே போகப் போகத் தொடைக்கு வேலை குறைகிறது. இன்னொரு தப்பு, தூக்கும்போது முழங்கால் லேசாக மடங்குவது. மடங்கினால் அன்றைக்கு எண்ணிக்கையைக் குறைத்து, நேராக வருகிற வரையில் மட்டும் செய்யுங்கள். இடது காலுக்கும் இதையே செய்ய வேண்டும், அது நாளைய வலிக்கால்.

மூன்றாவது, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. இதுதான் மூன்றிலும் பெரியது. 18 அங்குல உயர நாற்காலியைச் சுவரோடு சாய்த்து வைத்து, அதன் மேல் மடித்த கம்பளி ஒன்றைப் போட்டு உயரம் கூட்டிக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், வழுக்கும். பாதம் தோளகலம், மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் சாய்ந்து, கையை ஊன்றாமல் எழுங்கள். உட்காரும்போது மூன்று எண்ணி இறங்குங்கள். தொப்பென்று விழுந்தால் பயிற்சியின் பாதிப் பலன் போச்சு, முதுகெலும்புக்கும் அதிர்வு. முழங்கால்கள் உள்பக்கம் சாய்ந்து ஒன்றையொன்று பார்க்கக் கூடாது. 8 முறை, இரண்டு தடவை.

மூன்றாம் வாரத்திலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் போதும், ஆனால் கனம் கூட வேண்டும். நாற்காலியில் போட்ட கம்பளியை எடுத்துவிடுங்கள். பிறகு இரண்டு கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுங்கள். பக்கவாட்டில் படுத்துக் காலை மேலே தூக்குவது, 15 செ.மீ. படியில் ஏறி இறங்குவது ஆகியவற்றைச் சேருங்கள். படியில் ஏற நல்ல கால் முதலில், இறங்க வலிக்கால் முதலில்.

வலியை எப்படிப் பார்ப்பது? பத்துக்கு எத்தனை என்று நீங்களே மார்க் போடுங்கள். செய்யும்போது நாலு வரை பரவாயில்லை. மறுநாள் காலையில் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். மறுநாள் முழங்கால் வீங்கினால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், நிறுத்தாதீர்கள். பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். பத்து நாளில் விட்டுவிடுகிறவர்கள்தான் ‘உடற்பயிற்சி செய்தேன், கேட்கவில்லை’ என்று சொல்கிறார்கள்.

எடை: ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் ஏறும் பாரம் நாலு கிலோ குறைகிறது. உங்களுக்கு முதல் இலக்கு மூன்றரைக் கிலோ. அதற்கு மேல் ஆறேழு கிலோ வரை போனால் வலியில் நன்றாகவே தெரியும். ஆனால் பட்டினி கிடந்து குறைத்தால் தசையும் எலும்பும் சேர்ந்து குறையும். எடை குறையும்போது சர்க்கரை மாத்திரையின் அளவையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

எலும்புக்கான பயிற்சி வேறு மாதிரி. எலும்பு கெட்டியாக வேண்டுமானால் அதை இழுக்க வேண்டும், அதிர வைக்க வேண்டும். வெறும் நடை இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது, இடுப்பெலும்புக்குச் சொற்பமாகத்தான் செய்யும். முழங்கால் வலி மூன்றுக்குக் கீழே வந்தபின், சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி, ‘டொப்’பென்று தரையில் இறக்குங்கள். 10 முறையில் தொடங்கி 30 வரை. கூடவே பாரம்: தண்ணீர் நிரப்பிய இரண்டு லிட்டர் பாட்டில்களைத் தோளுக்கு மேல் தூக்குவது, முதுகு நேராக, இடுப்பிலிருந்து மட்டும் சாய்ந்து குடத்தைத் தரையிலிருந்து எடுப்பது. இந்தக் குடம் எடுக்கும் முறையை ஒரு இயன்முறை மருத்துவர் ஒருமுறை நேரில் பார்த்துத் திருத்துவது அவசியம், கண்ணாடியில் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது. ஆஸ்திரேலியாவில் எலும்பு மெலிந்த, மாதவிடாய் நின்ற பெண்களை வைத்து வாரம் இரண்டு முறை, அரை மணி நேரம், எட்டு மாதம் கனமான பளு தூக்க வைத்தார்கள். முதுகெலும்பு அடர்த்தி ஏறியது. ஆனால் அத்தனையும் ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்கச் செய்தது. தக்காளிப் பெட்டி தூக்குவதும் பளுதானே என்று நினைக்க வேண்டாம். அதில் குனிவதும் திருகுவதும் சேர்ந்தே வருகிறது.

குனிவதைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 1984-ல் வெளிவந்த ஒரு ஆய்வில், முதுகெலும்பு மெலிந்த பெண்களில் முன்னால் குனியும் பயிற்சி மட்டும் செய்த 9 பேரில் 8 பேருக்குப் புதிதாக எலும்பு நசுங்கியது. முதுகைப் பின்னால் நிமிர்த்தும் பயிற்சி செய்த 25 பேரில் 4 பேருக்குத்தான். சின்ன ஆய்வுதான், ஆனாலும் இன்று வரை நாங்கள் அதன்படியே நடக்கிறோம். யோகா வகுப்பில் பச்சிமோத்தாசனம், பாதஹஸ்தாசனம், வயிறு குறைக்கும் எழுந்து படுக்கும் பயிற்சி ஆகியவை உங்களுக்கு வேண்டாம். புஜங்காசனத்தை அரை உயரத்துக்குச் செய்யலாம். சுவரோடு முதுகும் குதிகாலும் ஒட்டி நின்று பாருங்கள், பின்மண்டை சுவரைத் தொட வேண்டும். தொடவில்லை என்றால் பயிற்சிக்கு முன் முதுகு எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

வாசல் பெருக்க நீளப் பிடி விளக்குமாறு வாங்குங்கள். அரிவாள்மனையைப் பரணில் போட்டுவிட்டு மேடையில் நின்று கத்தியால் நறுக்குங்கள். கழிப்பறைக்கு மேலே வைக்கும் ஓட்டை நாற்காலி ஒன்று போதும், உங்கள் முழங்காலுக்கு அது எந்தத் தைலத்தையும்விட நல்லது. பூப்பறிக்கும்போது ஒரு பக்கத் தோளில் பையை மாட்டாமல் இடுப்பில் இரு பக்கமும் சமமாகக் கட்டிக்கொள்ளுங்கள். களையெடுக்கக் குந்துவதற்குப் பதில் நீளப் பிடிக் களைக்கொத்து. தோட்டத்துக்கு ரப்பர் செருப்பு வேண்டாம், பின்பட்டையுள்ள, அடிப்பாகம் மெத்தென்ற செருப்பு. கம்பு ஊன்றினால் வலிக்காலுக்கு எதிர்க் கையில், அதாவது உங்களுக்கு இடது கையில், மணிக்கட்டு உயரத்துக்கு. முக்கால்வாசிப் பேர் வலிக்கிற பக்கமே ஊன்றுகிறார்கள்.

எலும்பு முறிவது பெரும்பாலும் விழுவதால்தான். ஆகவே தினமும் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒரு பாதத்தின் குதிகால் மற்றதன் விரலைத் தொடும்படி நேர்க்கோட்டில் 30 வினாடி நில்லுங்கள். பிடியைச் சுண்டுவிரல் வரை குறைத்துக்கொண்டே வாருங்கள்.

கரண்ட் விஷயத்தில் என் கருத்து உங்களுக்குச் சொன்னவர்களுக்குப் பிடிக்காமல் போகலாம். ஐ.எஃப்.டி., டென்ஸ் என்று வைக்கும் மின்சாரமோ, அல்ட்ராசவுண்ட் என்று வைக்கும் ஒலியலையோ எதுவும் குருத்தெலும்பை வளர்க்காது. பிரிட்டனின் 2022 வழிகாட்டுதல் மூட்டுத் தேய்மானத்துக்கு இவற்றைத் தர வேண்டாம் என்றே சொல்கிறது. டென்ஸ் சிலருக்கு வைத்திருக்கும் நேரத்தில் வலியை மறக்கடிக்கும், அவ்வளவே. அந்தப் பத்து நாள் காசில் பயிற்சியைக் கற்றுத் தந்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்துத் திருத்துகிற இடமாகத் தேடுங்கள். வெந்நீர் ஒத்தடம் 15 நிமிடம் கொடுத்துவிட்டுப் பயிற்சி செய்தால் அசைவு லேசாகும். சர்க்கரை இருப்பதால் சூட்டை முதலில் முன்கையில் வைத்துப் பாருங்கள், காலில் மரத்துப்போன இடத்தில் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். எண்ணெய் தடவி நீவலாம். ஆனால் முதுகில் ஏறி மிதிப்பது, சொடுக்கு எடுப்பது கூடவே கூடாது. முட்டி உறை வேலை நேரத்துக்கு மட்டும்.

ராகி விஷயத்தில் நீங்கள் சொல்வது பாதி சரி. 100 கிராம் மாவில் சுமார் 350 மி.கி. கால்சியம், அரிசியில் அதில் சொற்பம்கூட இல்லை. ஆனால் உங்கள் வயதுக்கு ஒரு நாளைக்கு 1,200 மி.கி. வேண்டும். ராகியில் இருக்கும் ஃபைட்டேட் என்ற பொருள் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், முளைகட்டி அரைத்தாலோ, கூழாக இரவு புளிக்க வைத்தாலோ ஓரளவு விடும். களியை இரண்டு உருண்டை ஆக்கினால் சர்க்கரை ஏறும். எனவே ராகி 100 கிராமோடு நிறுத்தி, பாலும் தயிருமாக 400 மி.லி., ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை, இரண்டு டீஸ்பூன் எள்ளுப் பொடி, கொள்ளு என்று சேர்த்தால் கணக்கு ஏறக்குறைய வந்துவிடும். புளோரைடு உள்ள ஊரில் கால்சியம் குறைந்தால் அதன் கெடுதல் இன்னும் கூடும் என்பதால் பாலை விடாதீர்கள். புரதம் 60 முதல் 65 கிராம் வேண்டும். தினம் ஒரு முட்டை, ஒரு பிடி வேர்க்கடலை, இரண்டு வேளை கெட்டிப் பருப்பு. பிதுக்கம்பருப்புக் காலத்தில் அதுவே போதும்.

வெயிலில் வேலை செய்கிறவருக்கு வைட்டமின் டி குறையாது என்று நினைப்பீர்கள். தோட்டத்தில் புடவைக்கு மேல் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. வெயில் பட இடமே இல்லை. காலை 11-லிருந்து 2 மணிக்குள் முன்கையும் முகமும் வெறுமையாக 20, 30 நிமிடம் பட வேண்டும். விடியற்காலை வெயில் இதற்கு உதவாது. ரத்தத்தில் ஒருமுறை அளவு பாருங்கள். மி.லி.க்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் வாரம் ஒருமுறை சாப்பிடும் மருந்தை மருத்துவர் சொன்ன வாரங்களுக்கு மட்டும் எடுங்கள், கடையில் நீங்களாகத் தொடர்ந்து வாங்க வேண்டாம்.

முழங்கால் திடீரென வீங்கிச் சுடுவது, காய்ச்சல், குனிந்து எதையோ தூக்கியதும் முதுகில் வெட்டியது போன்ற வலி, கால் மரத்துச் சிறுநீர் அடைப்பது, இவற்றில் எது வந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பயிற்சியைக் கற்றுக்கொள்ளத் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் இயன்முறை சிகிச்சைப் பிரிவில் கேளுங்கள். 2021-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். உங்களுக்கு இன்னும் அது தேவைப்படவில்லை, வீட்டில் படுத்திருக்கும் பெரியவர்கள் யாராவது இருந்தால் கிராமச் சுகாதார செவிலியரிடம் பெயர் கொடுங்கள்.

அடுத்த டெக்ஸாவை ஆறு மாதத்தில் எடுக்க ஆசைப்படாதீர்கள், அவ்வளவு சீக்கிரத்தில் வரும் மாற்றமும் மெஷினின் தவறும் ஒன்றுபோலவே தெரியும். ஒன்றரை, இரண்டு வருடம் கழித்து, முடிந்தால் அதே மெஷினில், இடுப்பு எண்ணை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள்.